மூன்றாம் கோரிக்கை

சுகாசினி எழுதிக் கொடுத்த முதல் மனு ஏற்கப்பட்டது. அப்போது அவள் சட்டக் கல்லூரியில் நான்காம் வருஷம்தான் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிற எத்தனையோ பேருக்கு வாய்க்காத வெற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

தென்னேரி ஏரியைத் தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற காலனி அவளுடையது. நாற்பத்தோரு வீடு. முன்பு அத்தனை பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது கொத்தனார், பெயிண்டர், கம்பெனி ஆள், ஒரு நர்ஸ், ஒரு போலீஸ்காரர் என்று வீட்டுக்கொரு தொழில். சுகாசினியின் அப்பா இளங்கோவன் ஒரகடத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறார். வக்கீல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்குத்தான் இவள்.

எதிர் வீட்டு வடிவு அவளுக்குச் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பா ராமராஜன் கொத்தனார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, லோகேஸ்வரன். ஒன்பது வயசில் ஏரியில் குளிக்கப் போனவன் பிணமாகத்தான் வந்தான். பதினான்கு வருஷம் ஆகிறது. காலனிக்குத் தெற்கே இடுகாட்டில், ஒரு வேப்பமரத்தடியில் அவனை வைத்திருக்கிறார்கள். ராமராஜன் தன் கையாலேயே செங்கல் அடுக்கிச் சிமெண்டு பூசி அங்கே ஒரு சின்ன மேடை கட்டினார். ஊரில் யார் யாருக்கு வீடு கட்டினோம் என்று மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன், அந்த மேடையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

வடிவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் காஞ்சிபுரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். தான் இன்னும் எத்தனை நாள் என்பதில் அவளுக்கு எந்த மயக்கமும் இல்லை. அதைப் பற்றி அழுததும் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை.

"என்ன லோகு பக்கத்துல போட்டுட்டா போதும்மா. வேற ஒண்ணியும் வாணாம் எனக்கு" என்பாள்.

அந்த ஆசைக்குத்தான் கேடு வந்தது. ஐப்பசி மாசம் கிராம நிர்வாக அலுவலகத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். இடுகாடு இருக்கிற நாற்பது சென்டும் பக்கத்துப் புஞ்சையோடு சேர்ந்து ஒருவர் பெயரில் பட்டாவாக இருக்கிறதாம். அளந்து எல்லைக்கல் நடப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். புஞ்சையை வாங்கினவர் மனை போட்டு விற்கிறவர். எந்தக் காலத்திலோ எவனோ வரைபடத்தில் ஒரு கோட்டைத் தப்பாக இழுத்திருக்கிறான். அந்தக் கோட்டுக்குள் லோகேஸ்வரனும், அவனுக்கு முன்னே போன மூன்று தலைமுறையும் படுத்திருந்தார்கள்.

"நம்ம எடம்னு ஊருக்கே தெரியும். இத்த வேற எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார் ராமராஜன்.

"குடுத்தே ஆவணும் சித்தப்பா. சும்மா இருந்தா ஒத்துக்கினதா ஆயிடும்" என்றாள் சுகாசினி.

அப்படி அடித்துச் சொன்னதற்குக் காரணம் அந்த வாரம் கல்லூரியில் நடந்த செமினார். சர்வதேசச் சட்டம் நடத்துகிற பேராசிரியர் உதயகுமார், கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடந்த ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொண்டார். எல்லையில் மலைமேல் ஒரு கோயில். வரைபடம் போட்டபோது கோயில் கம்போடியா பக்கம் விழுந்துவிட்டது. தாய்லாந்தின் கையில் அந்த வரைபடம் வருஷக்கணக்கில் இருந்தும் ஆட்சேபணை சொல்லவில்லை. கடைசியில் ஹேக் நகரத்து நீதிமன்றம், இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததே சம்மதம்தான் என்று சொல்லிவிட்டது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் வழக்கென்றால் கேட்க வேண்டுமா, ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். சுகாசினி கை தூக்கவில்லை. அவளுக்குக் கண்ணுக்குள் வேப்பமரமும் மேடையும் நின்றன.

அந்த வருஷம் கல்லூரியின் மூட் கோர்ட் அணியில் அவளும் ஏலவார்குழலியும்தான். குழலி பெரிய காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். மூட் கோர்ட் என்பது பயிற்சிக்காகப் போடுகிற பொய் வழக்கு. இல்லாத இரண்டு நாடு, இல்லாத ஒரு தீவு, இல்லாத ஒரு தகராறு. ஃபேன் பாதி சுற்றுகிற செமினார் ஹாலில் நின்றுகொண்டு, ஹேக்கில் நிற்பதாகப் பாவித்து, 'யுவர் எக்ஸலன்ஸி' என்று வாதாட வேண்டும். ஒரு வாரம் இந்த நாட்டுக்காக, மறு வாரம் அந்த நாட்டுக்காக. எழுத்தில் கொடுக்கிற வாதத்துக்கு மெமோரியல் என்று பெயர்.

மெமோரியல் விஷயத்தில் உதயகுமாருக்கு ஒரே வேதம், மூன்று படி. முதல் படியில், நாங்கள் சொல்வதே சரி என்று நிற்க வேண்டும். இரண்டாம் படியில், அது சரியில்லை என்றே வைத்துக்கொண்டாலும் வேறு காரணத்தால் நாங்களே ஜெயிக்க வேண்டும் என்று நிற்க வேண்டும். மூன்றாம் படியில், அதுவும் இல்லையென்றால், மாற்றாக, இதையாவது கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

"எல்லா நாடும் இப்பிடித்தான் கேக்கும். அதனால யாரும் உன்ன எளக்காரமா நினைக்க மாட்டாங்க. ஜட்ஜ் மேல் படியில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா எறங்கி வருவார். நீ எந்தப் படியிலயும் காலியா நிக்கக் கூடாது" என்பார்.

சுகாசினி எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். இரண்டே மாசத்தில் அவளுக்கு மூன்று படி இல்லாமல் எதையும் யோசிக்கவே வராமல் போய்விட்டது. பஸ்ஸில் சில்லறை கேட்டால்கூட அப்படித்தான் கேட்கிறாள் என்று குழலி கேலி செய்வாள்.

காலனியின் ஆட்சேபணை மனுவையும் அவள் அப்படியே எழுதினாள். பதினொரு பக்கம். கல்லூரி நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் கோரிக்கைகள். ஒன்று, மேற்படி நாற்பது சென்ட் காலனி மக்களின் இடுகாடு என அறிவிக்க வேண்டும். இரண்டு, அது பட்டா நிலம் என்றே வைத்துக்கொண்டாலும், தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்துவரும் வழக்கத்தால் எங்களுக்குள்ள உரிமையை ஏற்க வேண்டும். மூன்று, மேற்கண்ட இரண்டும் ஏற்கப்படாத நிலையில், மாற்றாக, எங்களுக்கு மாற்று இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

தட்டச்சு செய்து வந்ததைக் குழலி புரட்டிப் பார்த்தாள். அவள் அப்பா வீரபாகு நெசவாளர் சொசைட்டிக்கு மனு எழுதி எழுதியே கை தேய்ந்தவர்.

"எங்கப்பா மனு எழுதினா நாலு வரிடி. ரெண்டு கேட்டா சின்னதத்தான் குடுப்பாங்கன்னு சொல்வாரு."

"அது சொசைட்டி. இது சட்டம்" என்றாள் சுகாசினி.

குழலிக்கு முகம் சுண்டிப்போனது. அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் கையெழுத்து வாங்கினார்கள். வடிவுதான் முதல் ஆள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாக வீங்கிய கையால் பேனாவைப் பிடித்தாள்.

"நம்ம எடம் நம்மளுக்கேன்னு எழுதிக்கீறியா?"

"மொதல்ல அதான் எழுதிக்கீறேன் சித்தி."

"மீதிப் பக்கமெல்லாம் இன்னா?"

"அதெல்லாம் சட்டம்."

வடிவு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நாற்பத்தோரு வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில்தான். யாருக்கும் அவள் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தாள். படித்தவர்களுக்கு வருகிற பெரிய வியாதி அது, நாலாம் வருஷத்திலேயே அவளுக்கு வந்துவிட்டது.

தை மாசம் சென்னையில் மூட் கோர்ட் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் மயிரிழையில் தோற்றார்கள். ஆனால் சிறந்த மெமோரியல் பரிசு இவர்களுக்குத்தான். மாற்றுக் கோரிக்கையை இவ்வளவு நேர்த்தியாக எழுதி மாணவர்களிடம் பார்த்ததில்லை என்று நடுவர் ஒருவர் மைக்கில் சொன்னார். காலனியில் இளங்கோவன் வேனை நிறுத்தி நிறுத்தி ஆளாளுக்கு அதைச் சொன்னார்.

பங்குனியில் தாலுகா ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கிராம உதவியாளர் கொண்டுவந்து இளங்கோவன் கையில் கொடுக்கும்போதே, "உங்க மனுவ ஏத்துக்கினாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். இளங்கோவன் வாலாஜாபாத்துக்கு ஓடிப்போய் இரண்டு கிலோ லட்டு வாங்கிவந்தார். சுகாசினி கல்லூரியிலிருந்து வந்து இறங்கும்போது தெரு முழுக்க வாயில் லட்டு. வடிவுக்கு இனிப்பு ஆகாது. இருந்தும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

உத்தரவு மூன்று பக்கம். சுகாசினி நின்றபடியே படித்தாள். முதல் கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவதைப் பற்றியும் இல்லை. 'மனுதாரர்கள் தங்கள் மனுவின் மூன்றாம் கோரிக்கையில் மாற்று இடம் கோரியுள்ளனர். இக்கோரிக்கை நியாயமானது எனக் கருதப்படுகிறது. அதன்படி கல்குவாரிப் புறம்போக்கில் முப்பது சென்ட் ஒதுக்கீடு செய்து, மனு ஏற்கப்பட்டு முடித்து வைக்கப்படுகிறது.'

ஜட்ஜ் மேல் படியிலிருந்து இறங்கி வருவார் என்று உதயகுமார் சொன்னது ஹேக்குக்குச் சரி. தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் கீழ்ப் படியிலேயே வேலை முடியும்போது எதற்காக மாடி ஏறப் போகிறார்? பட்டாக்காரருக்கும் கோபமில்லை, மனுக்காரருக்கும் கேட்டது கிடைத்துவிட்டது, ஃபைலும் மூடியாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கையும் அவள்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"இன்னாம்மா எழுதிக்கீறாங்க?" என்றாள் வடிவு.

சுகாசினி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏத்துக்கினாங்க சித்தி" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

"நீ நல்லா இருக்கணும்" என்று வடிவு அவள் கன்னத்தைத் தடவி விரலை மடக்கிச் சொடுக்கு முறித்தாள். சுகாசினிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை போலிருந்தது.

மறுநாள் உதயகுமாரிடம் ஓடினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பீல் போலாம்னா, தோத்திருக்கணுமேம்மா. நீ ஜெயிச்சிருக்க. கேட்டதக் குடுத்துட்டான்" என்றார். தாலுகா ஆபீசில் மனுவைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டாள். முடிந்த ஃபைலில் எதைத் திரும்பப் பெறுவது என்று சிரித்தார்கள். ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு சீனியர் வக்கீல் சொன்னார். அதற்கு நாற்பத்தோரு பேரும், மனுவில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்ய வேண்டும். அதாவது அவள் தெருவில் நின்று தான் செய்ததைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு நாள் ஓட்டினாள். பயம்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பதின்மூன்றாம் நாள் காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது வடிவு வாசற்படியில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மத்தியானம் பாடை கட்டினார்கள். காலனியில் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவார்கள். அதற்குமேல் ஆண்கள். அன்றைக்குத் தெருமுனையைத் தாண்டின மேளம் கொஞ்ச தூரத்திலேயே நின்றுபோனது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இடுகாட்டு வாசலில் லாரியிலிருந்து கல்தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு போலீஸ் வண்டி நின்றது. சாவுச் செய்தி மனைக்காரருக்குக் காலையிலேயே போயிருக்கிறது. அங்கே இன்னொரு பிணத்தைப் புதைத்துவிட்டால் வம்பு என்று அவருக்கும் தெரியும்.

"வக்கீலம்மாவக் கூப்புடு" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் நடுவிலிருந்து சுகாசினியை முன்னால் தள்ளினார்கள்.

அவள் போய்ச் சேரும்போது ராமராஜன் சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் கொள்ளிச்சட்டி. குரலில் கோபம்கூட இல்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவர் பேசுகிற நிதானம் இருந்தது.

"சார், எங்க மனுவ ஏத்துக்கினாங்க சார். ஆர்டரு இருக்குது எங்க கையில."

"ஆமாம்பா, ஏத்துக்கினாங்க. யார் இல்லன்னா? அதான் வேற எடம் குடுத்துக்கீறாங்களே." சப்-இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து உத்தரவு நகலையும் அதோடு இணைத்திருந்த மனுவையும் எடுத்தார். உத்தரவின் மூன்றாம் பக்கத்தைத் தேடி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தார். "உங்க ஆளுங்களே எழுதிக் கேட்டுக்கீறாங்க. மனுவுல மொதக் கையெழுத்து வடிவுன்னு இருக்குது. யாருப்பா அது?"

பாடையைத் தோளில் வைத்திருந்த நான்கு பேரும் அப்படியே நின்றார்கள்.

இளங்கோவன் மகளைப் பார்த்தார். "இவுங்க மாத்தி எழுதிக்கினாங்களா பாப்பா? காசு குடுத்து மாத்திட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். கல் எடுத்து அடித்திருப்பார்கள், அடி வாங்கியிருப்பார்கள், ஜெயிலுக்கும் போயிருப்பார்கள், அவள் மேல் ஒரு பழியும் விழுந்திருக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இல்லப்பா" என்றாள். "நான்தான் எழுதினேன். மூணாவதா நான்தான் கேட்டேன். பன்னெண்டு நாளாத் தெரியும் எனக்கு."

இளங்கோவன் கை ஓங்கினார். ராமராஜன் கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சவத்த வெச்சிக்கினு வாணாம்பா" என்றார்.

கல்குவாரி ஆறு கிலோமீட்டர், ஹைவேயைத் தாண்டிப் போக வேண்டும். பாடையை இளங்கோவனின் வேனில் ஏற்றினார்கள். சுகாசினியை வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அங்கே கடப்பாறை இரண்டு அடிக்குமேல் இறங்கவில்லை. அடியில் பாறை. இடம் மாற்றி மாற்றி நான்கு இடத்தில் குத்திப் பார்த்தார்கள். கூடவே பைக்கில் வந்திருந்த மனைக்காரரின் ஆள், "நம்ம ஜேசிபி சும்மாதான் நிக்குது, அனுப்பச் சொல்லட்டுமாண்ணே" என்றான். ராமராஜன் பாடையைப் பார்த்தார். வெயிலில் பிணம் காய்ந்துகொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினார். வண்டி வந்து, பாறையைக் கொத்திக் கொத்தி, செப்டிக் டேங்குக்குத் தோண்டுகிற மாதிரி அகலமாக ஒரு பள்ளம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது.

வடிவை இறக்கினார்கள். ஒவ்வொருவராக ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். சுகாசினி தள்ளியே நின்றாள். எல்லோரும் போட்டு முடித்த பிறகு ராமராஜன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ ஒரு எடம்தானேம்மா கேட்டா" என்றார். "நீ எதுக்கு மூணு கேட்ட?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. அறுபது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மனுஷன், தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்தவளிடம் கேட்கிறார். இதே கேள்விக்குச் சென்னையில் மூன்று நடுவர்களுக்கு முன்னால் இருபது நிமிஷம் நிறுத்தாமல் இங்கிலீஷில் பதில் சொன்னவள் அவள். சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு வரி வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் சித்தப்பா."

அவர் பள்ளத்தைக் கையால் காட்டினார். சுகாசினி குனிந்து ஒரு கை அள்ளினாள். வந்ததில் பாதிக்கு மேல் ஜல்லி. சித்தியின் மேல் விழுந்தால் வலிக்குமே என்று தோன்றியது. கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் கையில் மிஞ்சின மண் ஒரு சிட்டிகைதான், அதைப் போட்டாள்.